தண்டவாளத்துக்குக் கிழக்கே இருப்பது சிதம்பரமா?

கொள்ளிடக்கரையான்:
பேத்தி படிக்கும் பள்ளியின் பெற்றோர் குழுவில் இன்று காலை ஒருவர் எழுதியது இது: “எட்டாம் வகுப்புக் கல்விச் சுற்றுலாவுக்குச் சிதம்பரமா? அது ஒரு சின்னப் பல்கலைக்கழக ஊர். கோயிலைப் பார்த்தால் அரை நாளில் முடிந்தது. இரண்டு நாள் தண்டம்.” அங்கேயே பதில் எழுதியிருப்பேன், மருமகள் கோபித்துக்கொள்வாள். ஆகவே இங்கே எழுதுகிறேன்.

அரை நாளாம்! கிழக்குக் கோபுர வாயிலில் தலையை நிமிர்த்தி நின்றிருக்கிறாரா அந்த மனிதர்? நடனத்தின் 108 கரணங்களும், அதாவது ஆடல் நிலைகளும், சுவரில் ஒன்றன்மேல் ஒன்றாக ஏறிப் போகின்றன. கூடவே கிரந்த எழுத்தில் நாட்டிய சாஸ்திரத்தின் சுலோகம். கல்லில் எழுதிய பாடப்புத்தகம் அது. ஒரு கரணத்துக்கு ஒரு நிமிடம் என்றாலும் இரண்டு மணி நேரம் ஆகும். அதன் பிறகு அண்ணாமலைப் பல்கலைக்கழகம். 1929இல் தொடங்கியது. சீனிவாச சாஸ்திரி துணைவேந்தராக இருந்த இடம். அதற்கும் முன்பு, 1924 முதல் 1927 வரை, உ.வே.சா. அங்கே மீனாட்சி தமிழ்க் கல்லூரியின் தலைவராக இருந்தார். மறுநாள் பிச்சாவரம் அலையாத்திக் காடு, பரங்கிப்பேட்டை, நேரம் இருந்தால் வீராணம் ஏரி. இரண்டு நாள் போதாது என்பதுதான் என் வருத்தம்.

வேளச்சேரி வாசி:
ஐயா, 108 நிமிடம் என்பது 1 மணி 48 நிமிடம். அது போகட்டும்.

நீங்கள் அடுக்கிய ஐந்து இடங்களில் சிதம்பரத்தில் இருப்பது ஒன்றே ஒன்று. பிச்சாவரம் கிள்ளைப் பக்கம். பரங்கிப்பேட்டை தனிப் பேரூராட்சி. வீராணம் காட்டுமன்னார்கோயில் பக்கம். பல்கலைக்கழகம் அண்ணாமலை நகரில் இருக்கிறது. அதுவும் தனிப் பேரூராட்சி. சிதம்பரம் நகராட்சியின் பின்கோடு 608001, அண்ணாமலை நகரின் பின்கோடு 608002. நடுவில் ரயில் தண்டவாளம் ஓடுகிறது. ஆக, அந்தப் பெற்றோர் சொன்ன அரை நாள் கணக்கு மிகச் சரி.

கொள்ளிடக்கரையான்:
பின்கோடு வைத்து ஊரைப் பிரிக்கிற மேதையை இன்றுதான் பார்க்கிறேன். வேளச்சேரியும் மயிலாப்பூரும் வேறு வேறு பின்கோடு. அதனால் நீங்கள் சென்னைக்காரர் இல்லையா?

வேளச்சேரி வாசி:
இரண்டும் ஒரே மாநகராட்சி. சிதம்பரமும் அண்ணாமலை நகரும் ஒரே நகராட்சியா? ஆம், இல்லை என்று பதில் சொல்லுங்கள். போன ஆண்டு கடைமடை விவாதத்திலும் கேட்டதற்குப் பதில் சொல்லாமல் கல்லணையைச் சுற்றிச் சுற்றி வந்தவர் நீங்கள்.

தாவரவியல் ஆசிரியை:
வணக்கம். நான் 46 பிள்ளைகளைச் சென்னையிலிருந்து அழைத்துப் போனவள். உங்கள் எல்லைச் சண்டைக்கு நடுவே ஒன்று சொல்லிக்கொள்கிறேன். பயண ஏற்பாட்டாளர் எங்களை உச்சி வெயிலில் கோயில் வாசலில் கொண்டுபோய் இறக்கினார். மதியம் நடை சாத்தியிருப்பார்கள் என்பது அவருக்குத் தெரியவில்லை. மாலை வரை பிள்ளைகள் பஸ்ஸில் அந்தாதி விளையாடினார்கள். மறுநாள் பிச்சாவரத்தில் செலவு குறையும் என்று மோட்டார் படகு பேசிவிட்டார். மோட்டார் படகு அகலமான வாய்க்காலோடு நின்றுவிடும். குறுகிய கிளைக் கால்வாய்களுக்குள் துடுப்புப் படகுதான் நுழையும். காட்டைப் பார்ப்பது என்றால் அங்கேதான்.

இரண்டாம் முறை நானே ஏற்பாடு செய்தேன். காலை எட்டு மணிக்குத் துடுப்புப் படகு. படகுக்காரர் துடுப்பை நிறுத்தி, ஒரு கிளையை வளைத்துக் காட்டினார். சுரபுன்னையின் விதை மரத்திலேயே முளைத்து, முருங்கைக்காய் நீளத்துக்குப் பச்சையாகத் தொங்கிக்கொண்டிருந்தது. கீழே விழுந்தால் சேற்றில் செங்குத்தாகக் குத்தி நின்றுவிடும். இன்னொரு பக்கம் வெண்கண்டலின் சுவாச வேர்கள், யாரோ பென்சில்களை வரிசையாக நட்டுவைத்ததுபோல் சேற்றிலிருந்து மேலே நீட்டிக்கொண்டிருந்தன. “வேர் மேலே பார்த்து வளருமா மிஸ்?” என்று ஒரு பையன் கேட்டான். அந்தக் கேள்விக்காகவே இன்னொரு தடவை போகலாம்.

கொள்ளிடக்கரையான்:
அம்மா, நீங்கள் என் கட்சி. மிக்க நன்றி.

தாவரவியல் ஆசிரியை:
நான் எந்தக் கட்சியும் இல்லை.

வேளச்சேரி வாசி:
அவர் சொன்னது அத்தனையும் பிச்சாவரம். சிதம்பரத்தில் அவருக்குக் கிடைத்தது சாத்திய கதவு. நான் சொன்னதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

கீழவீதிக்காரன்:
இப்போது கோடம்பாக்கத்தில் இருக்கிறேன். பிறந்து வளர்ந்தது சிதம்பரம் கீழவீதியில். உள்ளூர்க்காரனாகச் சொல்கிறேன், வேளச்சேரியார் பேச்சில் நியாயம் இருக்கிறது. தண்டவாளத்துக்குக் கிழக்கே இருப்பது சிதம்பரம் இல்லை, திருவேட்களம். காவிரி வடகரைத் தலங்களில் முதலாவது தில்லை, இரண்டாவது வேட்களம். தேவாரத்திலேயே பதிகம் தனித்தனி. விடுதியில் மூன்று வருடம் தங்கிச் சாப்பிட்டுவிட்டு, ஆயுள் முழுவதும் “நான் சிதம்பரம்” என்று சொல்லிக்கொண்டு திரியும் கூட்டத்தைச் சின்ன வயதிலிருந்து பார்த்து வருகிறேன்.

கொள்ளிடக்கரையான்:
வாருங்கள், வாருங்கள். உள்ளூர்க்காரர் ஒருவர் வந்து எனக்குத் தோள் கொடுப்பார் என்று இருந்தேன். வேட்களத்தைத் தொட்டுவிட்டீர்கள் அல்லவா, கேளுங்கள். ஞானசம்பந்தர் தில்லைக்கு வந்தபோது எங்கே தங்கினார்? தில்லைக்குள் தங்க அஞ்சி வேட்களத்தில் தங்கினார்; அங்கிருந்து நடந்துபோய்த் தில்லைக் கூத்தனைத் தொழுதார். பெரியபுராணம் படித்தவர்கள் அறிவார்கள். தண்டவாளத்தின் அந்தப் பக்கம் தங்கி இந்தப் பக்கம் வந்துபோகிற வழக்கத்தைத் தொடங்கிவைத்தவரே அவர்தான். பல்கலைக்கழக விடுதியில் தங்கிப் படித்த நாங்களும் அதைத்தான் செய்தோம். சினிமாவுக்கு, சாப்பாட்டுக்கு, ஆனித் தேருக்கு எல்லாவற்றுக்கும் நடந்தே டவுனுக்குப் போனோம்.

கீழவீதிக்காரன்:
தன்னைச் சம்பந்தரோடு ஒப்பிட்டுக்கொள்ளும் ஒருவரோடு நான் என்ன பேச?

வேளச்சேரி வாசி:
‘தங்கியது வேட்களம், தொழுதது தில்லை.’ இரண்டும் வேறு வேறு ஊர் என்று நீங்களே எழுதிக் கொடுத்துவிட்டீர்கள்.

கொள்ளிடக்கரையான்:
சரி, எல்லை வேண்டும் என்கிறீர்கள். வைத்துக்கொள்வோம். தில்லை என்ற பேர் எங்கிருந்து வந்தது? தில்லை மரத்திலிருந்து. கோயிலின் தலமரம் அது. கண்ணில் பட்டால் பார்வையையே பாதிக்கும் பால் கொண்ட மரம். அந்த மரத்தைப் பார்க்க வேண்டுமானால் இன்றைக்குப் பிச்சாவரத்துக்குத்தான் போக வேண்டும். உங்கள் கணக்குப்படி ஊருக்குப் பேர் கொடுத்த மரமே ஊருக்கு வெளியே நிற்கிறது! ஒரு ஊரைப் பிள்ளைகளுக்குக் காட்டுவது என்றால் நகராட்சி வரைபடத்தைக் கையில் கொடுத்துவிட்டுத் திரும்பிவிடுவதா? 2004 சுனாமியில் அலையாத்திக் காடு தன் பின்னால் இருந்த கிராமங்களுக்கு அரணாக நின்றது. 2022இல் உலக ஈரநிலங்களுக்கான ராம்சார் பட்டியலில் பிச்சாவரம் சேர்ந்தது. பரங்கிப்பேட்டையில் வெள்ளாற்று முகத்துவாரத்தை ஒட்டிக் கடல் உயிரியல் ஆய்வு மையம் இருக்கிறது. அது யாருடையது? பல்கலைக்கழகத்துடையது. 1781 ஜூலை முதல் நாள் ஹைதர் அலியும் ஆங்கிலேயத் தளபதி ஐர் கூட்டும் மோதியதும் அந்தப் பரங்கிப்பேட்டையில்தான். வரலாறு, தாவரவியல், விலங்கியல் மூன்றையும் ஒரே பஸ்ஸில் போய்ப் பார்க்கலாம். இதற்கு ஈடாக எதைக் காட்டுவீர்கள்?

எழும்பூர் நூலகன்:
எதற்கு 200 கிலோமீட்டருக்கு மேல் பயணம்? எழும்பூர் அருங்காட்சியகம் 1851 முதல் இருக்கிறது. திருவாலங்காட்டு நடராசர் அங்கே இருக்கிறார். பக்கத்திலேயே கன்னிமாரா நூலகம், 1896. கோட்டூர்புரத்தில் பிர்லா கோளரங்கம். கிண்டியில் பாம்புப் பண்ணை. பிள்ளைகள் மாலை டிபனுக்கு வீடு திரும்பிவிடலாம்.

கொள்ளிடக்கரையான்:
கண்ணாடிப் பெட்டிக்குள் நிற்கிற நடராசரைக் காட்டிவிட்டுச் சிதம்பரத்துக்குப் பதில் இது என்கிறீர்களா? நல்லது. டிபன் சாப்பிட்டுவிட்டு ஒரு டம்ளர் தண்ணீர் குடிப்பார்களே, அது எங்கிருந்து வருகிறது என்று அந்தப் பிள்ளைகளிடம் கேளுங்கள். 2004 முதல் வீராணம் தண்ணீர் குழாய் வழியாகச் சென்னைக்கு வருகிறது. பராந்தக சோழன் காலத்து ஏரி. குடிப்பது எங்கள் தண்ணீர், கேலியும் எங்களைத்தான்.

வேளச்சேரி வாசி:
வீராணம் காட்டுமன்னார்கோயில் பக்கம். ‘எங்கள் தண்ணீர்’ என்று நீங்கள் சொல்வது அவர்களுக்குத் தெரியுமா?

எழும்பூர் நூலகன்:
வெண்கலக் காட்சிக்கூடத்தைக் ‘கண்ணாடிப் பெட்டி’ என்று அலட்சியமாகச் சொல்பவரோடு எனக்குப் பேச்சில்லை. அங்கே ஒரு சிலையின் முன் ஒரு மணி நேரம் நிற்க உங்களுக்குப் பொறுமை உண்டா?

கொள்ளிடக்கரையான்:
கோபுர வாயிலில் 108 நிமிடம் நின்றவன் நான்.

வேளச்சேரி வாசி:
அப்பாடா. 108 நிமிடம் என்று ஒப்புக்கொண்டீர்கள்.

தாவரவியல் ஆசிரியை:
இந்தக் கோடை விடுமுறைக்குப் பிறகு மறுபடியும் அழைத்துப்போக எண்ணம். பரங்கிப்பேட்டை மையத்தைப் பார்க்கப் பள்ளியிலிருந்து முன்கூட்டியே கடிதம் கொடுக்க வேண்டுமா? யாராவது அண்மையில் போய்வந்திருந்தால் சொல்லுங்கள். சாப்பாட்டுக்கு டவுனில் எங்கே நிறுத்துவது நல்லது என்றும் சொன்னால் உதவியாக இருக்கும்.

கீழவீதிக்காரன்:
எங்கே நிறுத்தினாலும் சம்பா சாதமும் கத்தரிக்காய் கொத்சும் கேளுங்கள். மிளகும் சீரகமும் நெய்யில் பொரித்துப் போட்ட சாதம், அதற்கு கொத்சு. வேறு எதற்கும் கொத்சு கிடையாது.

கொள்ளிடக்கரையான்:
இட்லிக்கும் கொத்சு உண்டு. எங்கள் விடுதிப் பக்கத்துக் கடையில் மூன்று வருடம் இட்லியோடு தின்றேன்.

கீழவீதிக்காரன்:
அது தண்டவாளத்துக்குக் கிழக்கே. அங்கே எதோடும் எதையும் தின்பார்கள். புளித்தண்ணீரில் கத்தரிக்காயை மிதக்கவிட்டு கொத்சு என்று விற்றிருப்பார்கள், நீங்களும் நம்பியிருப்பீர்கள். வறுத்த மல்லியும் மிளகாயும் பொடித்துப் போட்டு, காய் குழைந்து, எண்ணெய் மேலே பிரிந்து வர வேண்டும்.

கொள்ளிடக்கரையான்:
என்னை என்ன வேண்டுமானாலும் சொல்லுங்கள். அந்தக் கடைக்காரரைச் சொல்லாதீர்கள். மாதக் கடைசியில் கணக்கு எழுதிக்கொண்டு சோறு போட்ட மனிதர். கிழக்குப் பக்கத்தைப் பற்றி இன்னும் ஒன்று. 1965 ஜனவரியில் மொழிப் போராட்டத்தில் துப்பாக்கிச் சூட்டில் இறந்த மாணவர் இராசேந்திரன் அந்தப் பல்கலைக்கழகத்தில் படித்தவர். அவருடைய சிலையின் முன் பிள்ளைகளைப் பத்து நிமிடம் நிறுத்துங்கள். அதைவிடக் கல்விச் சுற்றுலா எது?

வேளச்சேரி வாசி:
அதில் எனக்கு மறுப்பே இல்லை. அந்தச் சிலைக்கு என் வணக்கம். ஆனால் சிலை இருப்பது அண்ணாமலை நகரில். உணர்ச்சியைக் கிளப்பிவிட்டுப் பின்கோடைத் தாண்டிப் போக விடமாட்டேன். ஒரே ஒரு கேள்வி, இதோடு விட்டுவிடுகிறேன். உங்கள் பட்டச் சான்றிதழில் ஊர்ப் பெயராக என்ன அச்சிட்டிருக்கிறது?

கொள்ளிடக்கரையான்:
இது என்ன விசாரணையா?

வேளச்சேரி வாசி:
சான்றிதழில் என்ன அச்சிட்டிருக்கிறது?

கொள்ளிடக்கரையான்:
பல்கலைக்கழகத்தின் பெயர் அச்சிட்டிருக்கிறது. நான் எந்த ரயில் நிலையத்தில் இறங்கிப் படிக்கப் போனேன் என்று கேளுங்கள். சிதம்பரம். பலகையில் அப்படித்தான் எழுதியிருந்தது. வேட்களம் என்றோ அண்ணாமலை நகர் என்றோ எழுதியிருக்கவில்லை. பெட்டி தூக்கிக்கொண்டு இறங்கியவனுக்கு அதுதான் ஊர்.

எழும்பூர் நூலகன்:
அந்தக் கணக்கில் எழும்பூரில் இறங்கியவர்கள் எல்லாரும் எழும்பூர்க்காரர்கள். வருக, வருக.

கொள்ளிடக்கரையான்:
நீங்கள் என்னோடு பேச்சில்லை என்றீர்களே?

வேளச்சேரி வாசி:
சான்றிதழ்?

கொள்ளிடக்கரையான்:
பரணில் டிரங்குப் பெட்டிக்குள் இருக்கிறது. எடுத்துப் பார்த்துச் சொல்கிறேன். அதற்குள் வெற்றி விழா கொண்டாடிவிட வேண்டாம்.

(மூன்று நாள் கழித்து)

வேளச்சேரி வாசி:
பரண் எப்படி இருக்கிறது?

கொள்ளிடக்கரையான்:
ஏற ஏணி வேண்டும். ஏணி கீழ்வீட்டுக்காரரிடம் இருக்கிறது. அவர் ஊருக்குப் போயிருக்கிறார்.

தாவரவியல் ஆசிரியை:
பரங்கிப்பேட்டைக் கடிதம் பற்றிக் கேட்டிருந்தேன்...

வேளச்சேரி வாசி:
எந்த ஊருக்கு?

கொள்ளிடக்கரையான்:
சிதம்பரத்துக்கு.

கீழவீதிக்காரன்:
எந்தப் பக்கம்?