மிஞ்சி வெளியே வைக்கும் சாப்பாடு: கொதிக்க வைத்துவிட்டால் பயமில்லையா?

கேள்வி:
விழா, கூட்டம் முடிந்ததும் மிஞ்சின சாப்பாட்டை டப்பாவோடு வெளியே வைத்துவிடுகிறார்கள், யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம். எல்லாம் மூடி பிரிக்காத டப்பா. சோறு, குழம்பு, இறைச்சி, சில சமயம் பால் சேர்த்த இனிப்பு. சமைத்து எவ்வளவு நேரம் ஆயிற்று என்று சொல்ல ஆள் இருக்காது. வாடை எதுவும் இல்லை, நன்றாகக் கொதிக்க வைத்த பிறகுதான் சாப்பிடுவது. வாந்தி, பேதி வந்ததில்லை. ஆனால் வயிறு உப்பிக்கொண்டு ராத்திரி முழுக்க கேஸ். சாப்பாடு கெட்டுப்போனதாலா, செரிமானக் கோளாறா? எதை எடுக்கலாம், எதைத் தொடக்கூடாது?

பதில் 1:
முதலில் வாடையை நம்புவதை விடுங்க. புளித்த வாடை, நூல் விடுவது எல்லாம் பெரும்பாலும் வேறு கிருமிகளின் வேலை. ஆளைப் படுக்கப் போடும் கிருமி வாடையோ நிறமோ காட்டாமல் பெருகிவிடும். கணக்கு வைக்க வேண்டியது நேரத்தை. 5 டிகிரி செல்சியஸுக்கும் 60 டிகிரிக்கும் நடுவில் சாப்பாடு 2 மணி நேரத்துக்குள் இருந்திருந்தால் கொண்டுபோய் ஃபிரிட்ஜில் வைக்கலாம். 2 முதல் 4 மணி நேரம் என்றால் அப்போதே சாப்பிட்டுவிட வேண்டும், எடுத்து வைக்கக் கூடாது. 4 தாண்டினால் விட்டுவிடுங்க. வெயில் 32 டிகிரிக்கு மேல் போனால் 1 மணி நேரம்தான் கெடு.

இந்த நேரம் நீங்கள் டப்பாவை எடுத்ததிலிருந்து ஓடாது, அடுப்பிலிருந்து இறக்கி ஆறத் தொடங்கியதிலிருந்து ஓடும். பந்தி தொடங்குவதற்கு வெகு முன்பே டப்பாவில் அடைத்திருப்பார்கள். விழா எப்போது தொடங்கியது என்று விசாரித்து, அதற்கும் முன்னால் இரண்டு மணி நேரம் சேர்த்துக்கொள்ளுங்க. நேரமே தெரியவில்லை என்றால் சோறு, இறைச்சி, பால், முட்டை எதையும் எடுக்காதீங்க.

கொதிக்க வைப்பது சோற்றுக்கு உதவாது. பேசில்லஸ் சீரியஸ் கிருமியின் வித்து உலையில் வெந்தாலும் சாகாது. சோறு மெதுவாக ஆறும்போது முளைத்து நஞ்சு விடும். அந்த நஞ்சு 121 டிகிரியில் 90 நிமிடம் வைத்தாலும் அழியாது. கைபட்ட சாப்பாட்டில் வளரும் ஸ்டெஃபிலோகாக்கஸ் கிருமியின் நஞ்சும் கொதிக்கு மசியாது. இரண்டுமே பெரும்பாலும் 1 முதல் 6 மணி நேரத்துக்குள் வாந்தியைக் கிளப்பும்.

பதில் 2:
மேலே சொன்னது சரி. ஆனால் அதற்காகச் சுட வைப்பதே வீண் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். பெரிய பாத்திரத்தில் செய்த இறைச்சிக் குழம்பில் வருவது கிளாஸ்ட்ரிடியம் பெர்ஃபிரிஞ்சன்ஸ் என்ற கிருமி. 43–45 டிகிரியில் சுமார் 10 நிமிடத்துக்கு ஒருமுறை இரட்டிப்பாகும். சாப்பிட்டு 6 முதல் 24 மணி நேரத்தில் வயிற்றை முறுக்கிப் பேதியாகும். பெருகிய இந்தக் கிருமி சூட்டுக்குச் சாகும், நடுப்பகுதி 74 டிகிரியைத் தொட வேண்டும், அவ்வளவுதான். ஓரம் கொதிப்பதைப் பார்த்து இறக்கிவிடாதீர்கள். அடிவரை கிளறி, முழுக்கத் தளதளவென்று கொதிக்க விடுங்கள். மைக்ரோவேவ் என்றால் பாதியில் நிறுத்திக் கிளறி, முடிந்ததும் 2 நிமிடம் மூடி வையுங்கள். ஒருமுறைதான் சுட வைக்கலாம்.

மூடி பிரிக்காத டப்பாவும் காப்பு இல்லை. சூடாக அடைத்து மூடினால் ஆவி மூடியின் உள்பக்கம் முத்து முத்தாகக் கோத்து நிற்கும், உள்ளே வெதுவெதுப்பு மணிக்கணக்கில் அடங்காது. எடுத்து வைப்பதானால் அகலமான தட்டில் 5 சென்டிமீட்டருக்கு மிகாமல் பரப்பி ஆறவிட்டு ஃபிரிட்ஜில் வையுங்கள்.

பதில் 3:
உங்கள் வயிற்று கேஸ் விஷயத்துக்கு வருகிறேன். வாந்தி, பேதி, காய்ச்சல் எதுவும் இல்லாமல் வெறும் உப்புசம் மட்டும் என்றால் நஞ்சு என்று தோன்றவில்லை. பால் இனிப்பில் லாக்டோஸ் என்ற பால் சர்க்கரை, குழம்பில் பருப்பு, வெங்காயம், பூண்டு. போதாததற்கு, ஆறிய சோற்றில் மாவுச்சத்தின் ஒரு பகுதி செரிக்காத வகையாக இறுகிவிடும், சுட வைத்தாலும் முழுக்கப் பழைய நிலைக்கு வராது. அது பெருங்குடலில் போய்ப் புளித்துக் காற்றாகிறது. ஒரு வாரம் பால் இனிப்பை மட்டும் நிறுத்திப் பாருங்கள். குறையவில்லையா, அடுத்த வாரம் பருப்பு.

ஒமெப்ரசோல் மாதிரி அமில மாத்திரை சாப்பிடுபவரா? வயிற்று அமிலம் குறைந்தால் கிருமி எளிதில் குடலுக்குப் போகும். கர்ப்பிணிகள், 5 வயதுக்கு உட்பட்ட பிள்ளைகள், 65 தாண்டியவர்கள் இந்த டப்பா பக்கமே போக வேண்டாம். லிஸ்டீரியா என்ற கிருமி ஃபிரிட்ஜ் குளிரிலும் வளரும். இன்னொன்று, பல நாள் சரியாகச் சாப்பிடாதவர்கள் கிடைத்த அன்றே வயிறு முட்டச் சாப்பிட்டால் ரத்தத்தில் பாஸ்பேட், பொட்டாசியம் சட்டென்று இறங்கி உயிருக்கே ஆபத்தாகலாம். கொஞ்சம் கொஞ்சமாகத் தொடங்கி, மருத்துவரைப் பார்க்கச் சொல்லுங்கள்.

பதில் 1 (மறுபடியும்):
எடுக்கத் தோதானவை: ரொட்டி, பிஸ்கட், நறுக்காத பழம், பாக்கெட் பிரிக்காத உலர் தின்பண்டம். நறுக்கிய பழம், மயோனைஸ், கடல் மீன் வேண்டாம். கெட்ட மீனில் உண்டாகும் ஹிஸ்டமின் என்ற நச்சுப்பொருளும் கொதித்தால் போகாது. உப்பிய டின்னைத் திறக்கவே திறக்காதீங்க.

பேதி வந்துவிட்டால் 1 லிட்டர் சுத்தமான தண்ணீர், தலை தட்டிய 6 டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு, அடிக்கடி மடக்கு மடக்காக. ரத்தம் போனாலோ காய்ச்சல் 39 டிகிரி தொட்டாலோ பேதி நிறுத்தும் மாத்திரை போடாமல் ஆஸ்பத்திரிக்குப் போங்க. பார்வை இரண்டாகத் தெரிந்தாலோ நாக்கு குழறினாலோ ஒரு நிமிடம்கூடக் காத்திருக்காதீங்க.