பழைய மேக் ப்ரோவில் மொஹாவி: கிராபிக்ஸ் கார்டு மாற்றிய அனுபவம்

2010 மாடல் மேக் ப்ரோ வைத்திருக்கிறேன். கல்யாண வீடியோ எடிட்டிங்தான் தொழில். மேக் ஓஎஸ் 10.13 ஆன ஹை சியராவிலேயே ஓட்டிக்கொண்டிருந்தேன். எடிட்டிங் மென்பொருளான ஃபைனல் கட் 10.4.9 போட வேண்டுமென்றால் மேக் ஓஎஸ் 10.14.6 வேண்டும் என்றதும், அடுத்த பதிப்பான மொஹாவிக்குப் போயே ஆக வேண்டியதாயிற்று. இதே பெட்டியை வைத்துக்கொண்டு யோசிப்பவர்களுக்கு உதவும் என்று கொஞ்சம் விவரமாகவே எழுதுகிறேன். மாற்றிப் பார்த்தவர்கள் உங்கள் அனுபவத்தையும் சொல்லுங்கள்.

மெட்டல் என்பது ஆப்பிளின் கிராபிக்ஸ் தொழில்நுட்பம். அது ஓடாத கார்டு இருந்தால் இந்தப் பெட்டியில் மொஹாவி ஏறாது. பெட்டியோடு வந்த ரேடியான் எச்டி 5770, 5870 இரண்டிலுமே மெட்டல் கிடையாது. ப்ராசஸர், ராம், 980 வாட் பவர் சப்ளை எல்லாம் தெம்பாக இருக்கும்போது ஒரு கார்டுக்காகப் பெட்டியையே ஓரங்கட்ட எனக்கு மனசு வரவில்லை. ஆப்பிளே சில கார்டுகளைப் பட்டியல் போட்டுக் கொடுத்திருந்தது. அதில் சஃபயர் பல்ஸ் ஆர்எக்ஸ் 580, 8 ஜிபி மாடலை எடுத்தேன். என்விடியா பக்கம் போவதாக இருந்தால் ஜிடிஎக்ஸ் 680, குவாட்ரோ கே5000 போன்ற பழைய கெப்ளர் தலைமுறைக் கார்டுகளோடு நின்றுவிடுங்கள். 1060, 1080 மாதிரியான, அதற்குப் பிந்தைய பாஸ்கல் தலைமுறைக் கார்டுகளுக்கு டிரைவர் ஹை சியராவோடு முடிந்துவிட்டது. மொஹாவிக்கு வரவே இல்லை.

கார்டைவிட முக்கியம் அதற்குப் பவர் தரும் கேபிள். மேக் ப்ரோவின் போர்டில் சாதாரண 6 பின் பவர் சாக்கெட் கிடையாது, மினி 6 பின் சாக்கெட் இரண்டுதான் இருக்கிறது. ஒவ்வொன்றும் 75 வாட் வரைதான் தரும். ஸ்லாட்டிலிருந்து இன்னொரு 75. ஆக மொத்தம் 225. ஆர்எக்ஸ் 580க்கு 185 வாட் அளவுக்குத் தேவை, அதில் இருப்பதோ ஒரே ஒரு 8 பின் சாக்கெட். அதனால் இரண்டு மினி 6 பின் சேர்ந்து ஒரு 8 பின்னாக முடியும் கேபிள்தான் வேண்டும். ஒரே மினி 6 பின்னிலிருந்து 8 பின்னுக்குப் போகும் கேபிளும் விற்கிறார்கள், விலையும் குறைவு. தயவுசெய்து அதை வாங்காதீர்கள். டெஸ்க்டாப் மட்டும் திறந்திருக்கும்போது ஒன்றும் தெரியாது. ரெண்டர் போட்டதும் அந்த ஒற்றைச் சாக்கெட்டிலிருந்து 75 வாட்டுக்கு மேல் இழுத்தால் பெட்டி பட்டென்று அணைந்துவிடும். என் பக்கத்துக் கடைகளில் இரட்டைக் கேபிள் கிடைக்கவில்லை, ஆன்லைனில்தான் வரவழைத்தேன். கேபிள் கைக்கு வந்த பிறகு கார்டை வாங்கினாலும் தப்பில்லை.

அடுத்தது வரிசை. பழைய கார்டு இருக்கும்போதே 10.13.6 வரை வந்துவிட வேண்டும். டிஸ்கைப் பூட்டி வைக்கும் ஃபைல்வால்ட் என்க்ரிப்ஷன் போட்டிருந்தால் அப்போதே எடுத்துவிடுங்கள், இந்தப் பெட்டியில் மொஹாவியோடு அது ஒத்துப்போகாது. ஒரு முழு பேக்கப்பும் எடுத்துக்கொண்டு, அப்புறம் கார்டை மாற்றுங்கள்.

மாற்றுகிற வேலை சுலபம். பின்பக்க லீவரை இழுத்தால் பக்கவாட்டுக் கதவு கையோடு வந்துவிடும். கார்டுகளைப் பிடித்திருக்கும் பட்டையில் இரண்டு திருகு, விரலாலேயே கழற்றலாம். கார்டின் உள்முனையில் இருக்கும் பூட்டை விடுவித்த பிறகுதான் இழுக்க வேண்டும். அது தெரியாமல் பலம் போட்டு இழுத்தால் ஸ்லாட் போய்விடும். சாக்கெட் இரண்டும் போர்டில் கொஞ்சம் ஆழத்தில் இருக்கின்றன. புதுக் கார்டை உட்கார வைப்பதற்கு முன்பே அவற்றில் கேபிளைச் செருகிவிட்டால் விரலுக்கு இடம் கிடைக்கும்.

ஆன் செய்ததும் அந்த 'டாங்' ஒலி கேட்கும், ஆனால் திரை கருப்பாகவே இருக்கும். ஆப்பிள் லோகோ வராது. இது மேக்குக்கென்று ஈஎஃப்ஐ (பெட்டி ஆன் ஆகும்போதே படம் காட்ட உதவும் நிரல்) எழுதப்படாத கார்டு, அதனால் டிரைவர் ஏறி லாகின் திரை வரும் நேரத்தில்தான் படம் தெரியும். பயந்து பவர் பட்டனை அழுத்திவிடாதீர்கள். ஹார்ட் டிஸ்கில் ஓஎஸ் இருந்தால் காத்திருப்பு இன்னும் நீளும். லாகின் ஆனதும் சிஸ்டம் ரிப்போர்ட்டில் கிராபிக்ஸ் பகுதியைத் திறந்து, மெட்டல் சப்போர்ட்டட் என்று இருக்கிறதா பாருங்கள்.

மொஹாவி இன்ஸ்டாலரை ஓட்டினால் முதலில் ஃபர்ம்வேர் (போர்டிலேயே இருக்கும் அடிப்படை மென்பொருள்) அப்டேட் கேட்கும். ஷட் டவுன் ஆன பிறகு, விளக்கு வேகமாக மின்னும்வரை பவர் பட்டனை விடாமல் அழுத்த வேண்டும். டிவிடி ட்ரே தானாக வெளியே வந்தால் வேலை நடக்கிறது என்று தைரியமாக இருக்கலாம், ஏனென்றால் திரையில் ஒரு கோடுகூடத் தெரியாது. முடிந்ததும் ஹை சியராவுக்கே திரும்பும். இன்ஸ்டாலரை மறுபடி ஓட்ட வேண்டும். 10.14.6 இன்ஸ்டாலராக இருந்தால் பூட் ரோம், அதாவது அந்த ஃபர்ம்வேரின் பதிப்பு, 144.0.0.0.0 ஆகிவிடும்.

பழைய 5770ஐ விற்றுவிடாதீர்கள். என்றாவது ஓஎஸ் ஏறாமல் போனால், ஆப்ஷன் கீயை அழுத்தி டிஸ்க் தேர்ந்தெடுக்கும் திரையைப் பார்க்க அதுதான் வழி.

மறுமொழி:

அண்ணா, பழைய கார்டு தேடுபவர்களுக்காக ஒன்று. நான் செகண்ட் ஹேண்டில் ஆர்எக்ஸ் 580 வாங்கினேன். பெட்டியில் ஏறவே இல்லை. கழற்றி விண்டோஸ் கம்ப்யூட்டரில் போட்டு கார்டின் விவரம் காட்டும் ஜிபியு-இசட் மென்பொருளில் பார்த்தால் ஷேடர் (கார்டுக்குள் இருக்கும் கணக்கிடும் அலகு) எண்ணிக்கை 2048. அசல் 580 என்றால் 2304 இருக்க வேண்டும். 2048எஸ்பி என்ற இந்த வகையின் டிவைஸ் ஐடியே வேறு, மேக் ஓஎஸ் அதைத் தானாக அடையாளம் காணாது. விற்றவர் நல்ல மனிதர், சொன்னதும் மாற்றிக் கொடுத்தார். கடையிலேயே போட்டுக் காட்டச் சொல்லுங்கள். கிரிப்டோ மைனிங்கில் ஓடிய கார்டு என்றால் பயாஸை (கார்டின் உள் மென்பொருளை) மாற்றி எழுதியிருக்கலாம், அதையும் விசாரித்துக்கொள்ளுங்கள்.

மறுமொழி:

என் வேலை போட்டோ, கொஞ்சம் லேஅவுட். 580 அளவுக்குத் தேவையில்லை என்று 4 ஜிபி ஆர்எக்ஸ் 560 போட்டேன். தனி பவர் சாக்கெட் இல்லாத மாடல், ஸ்லாட்டின் 75 வாட்டிலேயே ஓடுகிறது. கேபிள் தலைவலியே இல்லை. சத்தமும் குறைந்த மாதிரி இருக்கிறது. வீடியோ செய்பவர்களுக்கு இதைச் சொல்ல மாட்டேன்.

மறுமொழி:

அண்ணா, இவ்வளவு செய்த பிறகு அப்படியே மொஹாவிக்கு அடுத்த காட்டலினாவுக்கும் போய்விடலாமா? கார்டு தாங்கும்தானே?

மறுமொழி:

கார்டு தாங்கும் தம்பி. 580க்கு காட்டலினாவில் டிரைவர் இருக்கிறது. ஆனால் ஆப்பிள் இந்தப் பெட்டியை மொஹாவியோடு நிறுத்திவிட்டது, அதற்கு மேல் ஓப்பன்கோர் என்ற, ஆப்பிள் தராத பூட் மென்பொருள் வழியாகத்தான் போக வேண்டும். இன்னொன்று, காட்டலினாவில் 32 பிட் மென்பொருள் எதுவும் ஓடாது. என்னிடம் பழைய டைட்டில் ப்ளகின்கள் நிறைய இருக்கின்றன, அதனால் நான் நகரவில்லை. உன் வேலை முழுக்க 64 பிட்டில் என்றால் தனி எஸ்எஸ்டியில் போட்டுப் பார். மொஹாவி இருக்கும் டிஸ்கைத் தொடாதே. 5770ஐயும் பக்கத்திலேயே வைத்துக்கொள்.