ஆச்சி செய்த உளுந்தஞ்சோறு எனக்கு மட்டும் ஏன் களியாகிறது?

கல்லிடைப்பேத்தி எழுதியது:

வணக்கம். கேள்வி கொஞ்சம் நீளமாகப் போகும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

அம்மா வழி ஆச்சி வீடு அம்பாசமுத்திரம் பக்கம். முழுப்பரீட்சை முடிந்த அன்றைக்கே நானும் தம்பியும் பஸ் ஏறிவிடுவோம், பள்ளிக்கூடம் திறப்பதற்கு முந்தின நாள்தான் திரும்புவோம். சொதி, கூட்டாஞ்சோறு, அவியல் என்று ஆச்சி கையால் சாப்பிட்டது நிறைய இருக்கிறது, ஆனால் எனக்கு ஆச்சி என்றால் உளுந்தஞ்சோறும் எள்ளுத் துவையலும்தான். புறவாசல் பக்கம் தனியாக ஒரு சின்ன அடுப்பங்கரை, அதில் வெண்கலப் பானை, அதன் மூடி மேல் நாலைந்து கங்கு. "பானையத் தொறந்தா கைய ஒடிச்சிருவேன்" என்று சொல்லிவிட்டு ஆச்சி குளிக்கப் போய்விடுவாள். நாங்கள் இரண்டு பேரும் அதன் எதிரிலேயே உட்கார்ந்திருப்போம். திறந்ததும் பூண்டும் வறுத்த உளுந்தும் தேங்காயும் கலந்து ஒரு மணம் வரும் பாருங்கள், அது வேறு எந்தச் சாப்பாட்டிலும் கிடையாது. ஒவ்வொரு பருக்கையும் தனியாக நிற்கும், ஆனால் வாயில் போட்டால் வழுக்கிக்கொண்டு போகும். நடுவில் குழி பண்ணி நல்லெண்ணெய் ஊற்றி, ஓரத்தில் ஒரு உருண்டை எள்ளுத் துவையல். கடைசியில் பானை அடியில் பிடித்திருக்கும் காந்தலுக்கு எனக்கும் தம்பிக்கும் அடிதடியே நடக்கும்.

ஆச்சி 2018-ல் தவறிவிட்டாள். அதற்கு இரண்டு வருஷம் முன்னால் போனில் பதிவு பண்ணி வைத்தேன். மொத்தமே ஒரு நிமிஷம்கூட இல்லை. அவள் சொன்னது அப்படியே:

"அரிசி உழக்குன்னா உளுந்து ஆழாக்கு. பூண்டு ஒரு கை. வெந்தயம் கொஞ்சம்போல. தேங்கா அரை மூடி. தண்ணி கண்ணப் பாத்து ஊத்து. அவ்வளவுதான்ட்டி, இதுல என்ன இருக்கு."

அவளுக்கு என்ன, சொல்லிவிட்டுப் போய்விட்டாள். நான் ஒரு டம்ளர் அரிசி, ஒரு டம்ளர் தொலி உளுந்து போட்டு குக்கரில் மூன்று விசில் விட்டேன். சுவரில் போஸ்டர் ஒட்டலாம், அப்படி ஒரு பசை. அடுத்த முறை தண்ணீரைக் குறைத்தேன், அடியில் தீய்ந்து மேலே பசை. வீட்டுக்காரர் மதுரைப் பக்கம், பாவம், "இது சோறா களியா, எதுன்னு நெனச்சு சாப்பிடணும்?" என்று நிஜமாகவே புரியாமல் கேட்டார். எள்ளுத் துவையலோ கசப்பு. அம்மாவிடம் கேட்டால் "எனக்கு ஆபீஸ் போகவே நேரம் சரியா இருந்துச்சு, நான் எங்க அத கத்துக்கிட்டேன்" என்கிறாள்.

தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

---

கோவில்பட்டி_பெரியம்மா எழுதியது:

ஏம்மா, உங்க ஆச்சி ரொம்பச் சரியாகத்தான் சொல்லியிருக்கிறாள். நீதான் ஒழுங்காகக் கேட்கவில்லை. உழக்கும் ஆழாக்கும் ஒன்றா? இரண்டு ஆழாக்கு சேர்ந்தால்தான் ஒரு உழக்கு. இரண்டு உழக்கு ஒரு உரி, இரண்டு உரி ஒரு நாழி. அரிசி உழக்கு, உளுந்து ஆழாக்கு என்றால் அரிசியில் பாதி உளுந்து என்று அர்த்தம். நீ சரிக்குச் சரி போட்டிருக்கிறாய், அப்புறம் களியாகாமல் என்ன ஆகும். இட்லி மாவுக்கு நாலு பங்கு அரிசிக்கு ஒரு பங்கு உளுந்துதான் போடுகிறோம், அதற்கே அந்தப் பொங்கு பொங்குகிறது, எல்லாம் உளுந்தின் கொழகொழப்புதானே.

எங்கள் வீட்டில் பித்தளையில் ஆழாக்கு, உழக்கு, நாழி மூன்றும் வரிசையாக அரிசிப் பானைக்குப் பக்கத்தில் இருக்கும். எங்கள் ஆச்சி ஆழாக்கை அரிசிக்குள்ளேயே புதைத்து வைத்துவிடுவாள். காலையில் நாலு விரலை உள்ளே விட்டுத் துழாவினால் கையில் தட்டுப்படும், அந்தச் சத்தத்தில்தான் நான் முழிப்பேன். இப்போது என்னிடம் ஆழாக்கு மட்டும்தான் மிச்சம். நாழியை ஒரு தீபாவளிக்குப் பழைய பாத்திரத்தோடு எடைக்குப் போட்டு எவர்சில்வர் தூக்கு வாங்கிவிட்டார்கள், அந்தத் தூக்கும் இப்போது இல்லை.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். உளுந்தை எண்ணெய் இல்லாமல் வெறும் சட்டியில் வாசம் வருகிற வரைக்கும் வறு. கறுப்புத் தொலி இருப்பதால் நிறம் மாறுவது தெரியாது, மூக்கைத்தான் நம்ப வேண்டும். அரிசியும் உளுந்தும் சேர்ந்து எவ்வளவோ, அதற்கு இரண்டரை மடங்கு தண்ணீர். தண்ணீரை முதலில் கொதிக்க விட்டு, உரித்த பூண்டை முழுசாகவே போட்டு, வெந்தயம், உப்பு, அதற்கப்புறம்தான் கழுவிய அரிசியும் உளுந்தும். முக்கால் வேக்காட்டில் தேங்காய்ப்பூ. போட்டு ஒரே ஒரு தடவை புரட்டு, அப்புறம் கரண்டி உள்ளே போகவே கூடாது. கிண்டக் கிண்ட உளுந்து உடைந்து பசைதான் வரும்.

குக்கர் வேண்டாம். வேண்டவே வேண்டாம்.

---

நாஞ்சில்_மாமா எழுதியது:

பெரியம்மா சொன்ன அளவு சரி. ஆனால் உளுந்தை வறுக்கிற விஷயத்தில் எனக்கு உடன்பாடு இல்லை. எங்கள் பாட்டி வறுக்காமல்தான் போடுவாள், பச்சை உளுந்துக்கு ஒரு வாசம் உண்டு, வறுத்தால் அது போய்விடும். (இதற்கு நாலு பேர் சண்டைக்கு வருவீர்கள், வாருங்கள்.) சீரகமும் ஒரு துண்டு சுக்கும் தட்டிப் போடுவாள். அப்புறம் எங்கள் வீட்டில் இதற்கு எள்ளுத் துவையல் மட்டும் கிடையாது, ஞாயிற்றுக்கிழமை என்றால் நாட்டுக்கோழிக் குழம்பு. சைவக்காரர்கள் மன்னிக்க, அந்தக் குழம்பு இந்தச் சோற்றில் இறங்குவதுபோல் வெறும் சோற்றில் இறங்காது.

நான் எழுத வந்தது தண்ணீர் கணக்கைப் பற்றி. "கண்ணப் பாத்து" என்று உங்கள் ஆச்சி சொன்னாள் இல்லையா, எங்கள் பாட்டிக்குக் கடைசிப் பத்து வருஷம் கண்ணே சரியாகத் தெரியாது. புரை விழுந்திருந்தது, ஆபரேஷன் என்றால் பயம். அவள் காதை வைத்துத்தான் சமைத்தாள். தண்ணீர் நிறைய இருக்கிற வரைக்கும் பானை கொதகொதவென்று சத்தம் போடும். வற்ற வற்ற அது மெதுவாகி, பொத் பொத் என்று ஆங்காங்கே வெடிக்கிற மாதிரி ஆகும். அதுவும் அடங்கி உஸ் என்று ஒரு சத்தம் மட்டும் வரும்போது விறகை வெளியே இழுத்துவிடுவாள். இழுத்த விறகின் கங்கைத் தட்டி மூடி மேல் போடுவாள். அங்கிருந்து கால் மணி நேரம். அடியில் இருக்கிற சூடும் மேலே இருக்கிற சூடும் சேர்ந்துதான் பருக்கையைத் தனியாக நிறுத்துகிறது, கங்கெல்லாம் அழகுக்காகப் போடுவதில்லை. வெண்கலப் பானை நல்ல கனம், அடுப்பை அணைத்தாலும் சூடு லேசில் இறங்காது. உங்களிடம் வெண்கலம் இல்லையென்றால் அடி கனமான இரும்புச் சட்டியோ அலுமினிய உருளியோ எடுத்து, அடியில் தோசைக்கல் வைத்து, தீயை ஒடுக்கி வையுங்கள். மூடி மேல் கங்குக்குப் பதில் கொதிக்கிற தண்ணீர்ச் செம்பை வைத்தால் போதும், நான் அப்படித்தான் செய்கிறேன்.

---

விடுதிவாசி எழுதியது:

இன்டக்‌ஷன் அடுப்பில் இதெல்லாம் நடக்குமா? காந்தல் என்று படித்ததிலிருந்து இங்கே மெஸ் தோசை இறங்க மாட்டேன் என்கிறது. எங்கள் ஊரில் அதைத் தீசல் என்போம்.

---

எள்ளுக்காய் எழுதியது:

சோற்றைப் பற்றி எல்லாரும் சொல்லிவிட்டீர்கள், அந்தத் துவையல் கசப்புக்கு யாரும் பதில் சொல்லவில்லையே.

கடையில் வாங்கிய கறுப்பு எள்ளை அப்படியே வறுத்திருப்பீர்கள் என்று நினைக்கிறேன். தப்பு அங்கேதான். எள்ளின் கசப்பு பெரும்பாலும் தோலில் இருக்கிறது, மிச்சம் நாம் கருக்கி வரவழைக்கிற கசப்பு. எங்கள் அப்பத்தா எள்ளை அரை மணி நேரம் ஊற வைத்து, வடித்து, ஈரச் சாக்கின் மேல் கொட்டி இரண்டு உள்ளங்கையாலும் தேய்ப்பாள். அழுத்தித் தேய்த்தால் எள் நசுங்கிவிடும், மெதுவாகத் தேய்த்தால் தோல் போகாது. அந்தப் பக்குவம் எனக்கு வர ஒரு வருஷம் ஆனது. அப்புறம் தண்ணீரில் போட்டால் தோல் மிதக்கும், அதைச் சாய்த்து ஊற்றிவிட்டு எள்ளை அரித்து எடுக்க வேண்டும். அரிக்காமல் விட்டால் கல் கடிபடும், அதைவிடக் கசப்பே மேல். தோல் முழுக்கப் போக வேண்டியதில்லை, பாதி போனாலே துவையல் கறுப்பும் வெள்ளையுமாக நல்ல சாம்பல் நிறத்தில் வரும். காய்ந்த எள்ளை இரும்புச் சட்டியில் வறுக்கும்போது படபடவென்று வெடிக்கும். வெடிப்பு குறையத் தொடங்கிய உடனே வேறு தட்டில் கொட்டிவிடுங்கள். அடுப்பை அணைத்துவிட்டோம் என்று சட்டியிலேயே விட்டால் அந்தச் சூட்டிலேயே கருகும், என் முதல் நாலு துவையலும் இப்படித்தான் போயின.

வறுத்த வத்தல் மிளகாய், புளி, உப்பு, இரண்டு பல் பூண்டு, ஒரு கை தேங்காய். அப்பத்தா கடைசியில் ஒரு சின்னத் துண்டு கருப்பட்டி வைப்பாள், இனிப்பு தெரியாது, கசப்பைக் கொஞ்சம் அமுக்கும். மிக்சியில் அரைத்தால் விட்டு விட்டு ஓட்டுங்கள், தொடர்ந்து ஓட்டினால் எண்ணெய் கக்கி உருண்டையாகத் திரண்டுவிடும்.

---

வடமராட்சி எழுதியது:

இதை வாசிக்க எனக்கு அம்மம்மாவின் உழுத்தங்களி ஞாபகம் வந்துவிட்டது. நாங்கள் உழுந்து என்றுதான் எழுதுவோம், திருத்த வராதீர்கள். எங்களிடம் சோறாகச் செய்வதை நான் கண்டதில்லை. வறுத்து மாவாக்கி, அரிசி மாவும் தேங்காய்ப்பாலும் பனங்கட்டியும் சேர்த்துக் களியாகத்தான் கிண்டுவார்கள். பெண்பிள்ளை பெரியவளானால் நல்லெண்ணெயோடு அதைத்தான் கொடுப்பார்கள், இடுப்புக்குப் பலம் என்று. எனக்கும் தந்தார்கள், அழுது அழுது சாப்பிட்டேன். இப்போது இங்கே குளிருக்குள் இருந்துகொண்டு அதற்கு ஏங்குகிறேன்.

அளவுப் பிரச்சினை எங்களுக்கும் உண்டு. அம்மம்மாவுக்கு எல்லாம் சுண்டும் கொத்தும்தான், நாலு சுண்டு ஒரு கொத்து. சுண்டு என்றால் பழைய பால்பேணி (பால் டின்), அதுதான் அளவு. நான் இங்கே வந்த புதிதில் ஒரு பெரிய தக்காளிப் பேணியைச் சுண்டு என்று நினைத்து மாவைப் போட்டு, மூன்று நாளைக்குக் களி தின்றேன். ஆகவே தங்கச்சி, கவலைப்படாதீர்கள், பசை காய்ச்சின ஆள் நீங்கள் மட்டுமில்லை.

---

கல்லிடைப்பேத்தி எழுதியது:

எல்லாருக்கும் நன்றி. பெரியம்மா, நீங்கள் திட்டியது சரிதான். இத்தனை வருஷமாக அந்தப் பதிவை எத்தனை தடவை கேட்டிருப்பேன், உழக்கும் ஆழாக்கும் வேறு வேறு என்று ஒரு தடவைகூடத் தோன்றவில்லை. இரண்டுமே ஆச்சி பேச்சு என்று நினைத்துக்கொண்டேன்.

இந்த ஞாயிற்றுக்கிழமை அம்மா வந்திருந்தாள், அன்றைக்கே செய்துவிட்டேன். இரண்டு டம்ளர் அரிசி, ஒரு டம்ளர் உளுந்து, ஏழரை டம்ளர் தண்ணீர். உளுந்தைப் பாதி வறுத்து, பாதி வறுக்காமல் போட்டேன் (நாஞ்சில் மாமாவும் பெரியம்மாவும் சமாதானமாகப் போகட்டும்). அடி கனமான அலுமினியச் சட்டி, அதன் அடியில் தோசைக்கல், மூடி மேல் தண்ணீர்ச் செம்பு. அந்தச் சத்தத்தைக் கேட்பதற்காக ஃபேனை நிறுத்திவிட்டு, வீட்டுக்காரரைப் பேசக்கூடாது என்று சொல்லிவிட்டு அடுப்புப் பக்கமாகக் காதை வைத்துக்கொண்டு நின்றேன். மாமா, நீங்கள் சொன்ன பொத் பொத் நிஜமாகவே வந்தது. உஸ் வருவதற்குள் பயந்துபோய்த் தீயை ஒடுக்கிவிட்டேன், அதனால் கொஞ்சம் ஈரம் கூடுதல்தான். ஆனாலும் பருக்கை பருக்கையாக நின்றது, களி இல்லை!

துவையலில் லேசாகக் கசப்பு இருக்கிறது. சாக்கு கிடைக்கவில்லை, துண்டில் தேய்த்தேன், இப்போது அந்தத் துண்டு முழுக்க எள் தோல், உதறினாலும் போக மாட்டேன் என்கிறது.

அம்மா சாப்பிட்டுவிட்டு "பூண்டு பத்தாது" என்றாள். பத்துப் பல் போட்டேனே என்றேன். "ஆச்சி கை எவ்வளவு பெருசு தெரியுமா, அவ ஒரு கைன்னா அது இருபத்தஞ்சு பல்லுடி" என்கிறாள். இதை முதலிலேயே சொல்வதற்கென்ன!

நான் கை கழுவிவிட்டு வருவதற்குள் சட்டி காலி. அடிக்காந்தல் முழுவதையும் கரண்டியால் சுரண்டித் தின்றுவிட்டாள், எனக்கு ஒரு வாய்கூட வைக்கவில்லை. தம்பிக்கு போட்டோ அனுப்பலாம் என்று நினைத்திருந்தேன், வெறும் சட்டியைத்தான் அனுப்பினேன்.