மாமாவின் கேள்வி: கேலக்ஸி நடுவில் என்ன இருக்கிறது?

பட்டர்வொர்த் மாமா: கவி, இருக்கிறாயா? கரும்பொருள், அதான் கண்ணுக்குத் தெரியாமல் ஈர்ப்பை மட்டும் காட்டுமே (dark matter), அது கேலக்ஸியின் நடுவில்தான் அதிக அடர்த்தியாம், ஒரு வீடியோவில் ஒருவன் சொன்னான். அப்புறம் ஏன் அதை ஓரத்தில் போய்க் கண்டுபிடித்தார்கள்?

கவி: நடுவில் நட்சத்திரமும் வாயுவும் அதைவிட நெருக்கம் மாமா. பெரிய சுருள் கேலக்ஸிகளில் அங்குள்ள சுழற்சி வேகத்துக்கு அவற்றின் எடையே கிட்டத்தட்ட போதும்.

கவி: ஓரத்தில் நட்சத்திரம் குறையும், வேகமும் குறையணும். 1970இல் வேரா ரூபின், கென்ட் ஃபோர்டு என்ற வானியலாளர்கள் பக்கத்துக் கேலக்ஸி ஆண்ட்ரோமிடாவை அளந்தார்கள், எதிர்பார்த்தபடி குறையவில்லை. அப்போ தெரியாத எடை ஏதோ அங்கே இருக்கணும். நடுவில் நட்சத்திரக் கூட்டத்துக்குள் அதைப் பிரித்துப் பார்ப்பது கஷ்டம்.

மாமா: தைப்பூசத்தன்று பினாங்கு தண்ணீர்மலைக் கோயில் கூட்டத்தில் நம்ம ஆளைத் தேடுவது மாதிரி!

கவி: 😄 அதேதான். நாம் அளப்பது வெளிச்சத்தை. அதை எடையாக மாற்றும்போது கொஞ்சம் கூட்டிப் போட்டால் நடுவில் கரும்பொருளுக்கு இடமே இருக்காது. குறைத்துப் போட்டால் நிறைய இருக்கும். இரண்டு கணக்கும் அதே வேகத்தைத்தான் தரும்.

அத்தை: நாளைக் காலை 8 மணிக்கு எல்லோரும் பெர்ரியில் இருக்கணும். பாலத்தில் ஜாம்.

சரண்: சரி அத்தை. எந்தக் கணக்கு சரி லா, அக்கா?

கவி: பல கேலக்ஸிகளின் நடுவில் நட்சத்திரங்கள் நீளமான பட்டையாகச் சேர்ந்து சுழலும். நம்ம கேலக்ஸியான பால்வீதியிலும் உண்டு. சுற்றிலும் கரும்பொருள் அதிகமாக இருந்தால் அதன் ஈர்ப்பு பட்டையைப் பின்னால் இழுத்து வேகத்தைக் குறைத்துவிடும். 1998இல் டெபாட்டிஸ்டா, செல்வுட் என்ற ஆய்வாளர்கள் கணினியில் ஓட்டிப் பார்த்துச் சொன்னது இது. அளந்த பட்டைகளில் பெரும்பாலானவை இன்னும் வேகமாகத்தான் சுற்றுகின்றன. அதனால் நடுவில் நட்சத்திரங்களின் கைதான் ஓங்கியிருக்கிறது என்பது என் கட்சி. எல்லோரும் ஒப்புக்கொள்வதில்லை.

மாமா: நடுவை நெருங்க நெருங்க அடர்த்தி ஏறிக்கொண்டே போகும் என்றானே?

கவி: நவாரோ, ஃப்ரெங்க், வைட் என்ற ஆய்வாளர்கள் மூவரும் 1996இல் போட்ட கணக்கு அது. மங்கலான சின்னக் கேலக்ஸிகளில் நட்சத்திரம் குறைவு, அங்கே சோதித்துப் பார்க்கலாம். பலவற்றில் அந்த ஏற்றத்தைக் காணோம், நடுப்பகுதி தட்டையாக இருக்கிறது. வெடித்த நட்சத்திரங்கள் வாயுவைத் திரும்பத் திரும்ப வெளியே தள்ளியதில் கரும்பொருளும் கலைந்திருக்கலாம் என்கிறார்கள்.

மாமா: அப்போ வீடியோவை அழித்துவிடவா?

கவி: வேண்டாம் மாமா. அவன் பாதியைச் சொல்லியிருக்கிறான், அவ்வளவுதான்.

சரண்: நம்ம பக்கம் கரும்பொருள் உண்டா?

கவி: உண்டு. ஆனால் பூமி அளவு இடத்துக்குள் ஒரு கிலோகூடத் தேறாது.

சரண்: அதை வைத்தா இவ்வளவு சண்டை?

கவி: இடம் பெரிசு தம்பி. சூரியனிலிருந்து அடுத்த நட்சத்திரத்துக்கே 4 ஒளியாண்டுக்கு மேல். அத்தனை காலி இடத்திலும் அது இருக்கிறது.