மூலையில் நிற்கும் அம்மாயி யார்?

தலவாக்கலை சித்திர ஆசிரியை:
தோட்டப் பாடசாலையொன்றில் தரம் 10க்குச் சித்திரம் கற்பிக்கிறேன். போன வாரம் சொஃபோனிஸ்பா அங்குவிசோலாவின் ‘சதுரங்க ஆட்டம்’ ஓவியத்தை டவுனில் கலர் பிரிண்ட் எடுத்துக் கரும்பலகையில் ஒட்டினேன். பின்னாளில் ஸ்பெயின் அரசவையில் உருவப்படங்கள் தீட்டிய பெண் அவர். இதை 1555இல், இருபதுகளின் தொடக்கத்தில், இத்தாலியின் கிரெமோனாவில் வரைந்தார். மரத்தடியில் அவருடைய தங்கைகள் மூவர் சதுரங்கம் ஆடுகிறார்கள்.

பின்னால் தெரியும் நீல மலைகளைப் பார்த்ததும், “கிரேட் வெஸ்டர்ன் மாதிரி இருக்கிறது டீச்சர்” என்று ஒரு பையன் துள்ளினான். பிறகு பின்வாங்கிலிருந்து ஒரு பிள்ளை எழுந்தாள். “மூலையில் நிற்கிற அம்மாயி யார் டீச்சர்? மற்றவர்களின் பெயரைச் சொன்னீர்கள், அவருடைய பெயரைச் சொல்லவில்லையே?”

“வீட்டு வேலைக்காரி” என்று சொல்லிவிட்டு அடுத்த விஷயத்துக்குப் போய்விட்டேன். அந்தப் பிள்ளையின் அம்மாயி இன்றும் பங்களாக் குசினியில்தான் வேலை செய்கிறார். வீட்டுக்கு வந்த பிறகுதான் அது உறைத்தது. இரவு தூக்கம் வரவில்லை. நாளை அவளுக்கு என்ன சொல்வது? இன்னொன்று: இது உருவப்படமா, அன்றாட வாழ்க்கைக் காட்சியா? அதையும் கேட்கிறார்கள்.

கண்டி வாசகர்:
டீச்சர், சதுரங்கப் பலகையின் விளிம்பை உருப்பெருக்கிப் பாருங்கள். லத்தீனில் ஒரு வரி ஓடுகிறது: ஆமில்காரேயின் மகளான கன்னி சொஃபோனிஸ்பா அங்குவிசோலா தன் மூன்று சகோதரிகளையும் ஒரு பணிப்பெண்ணையும் நேரில் பார்த்து வரைந்தாள், 1555.

பலகையில் தங்கைகளின் பெயரும் இல்லை! லூசியா, மினெர்வா, யூரோபா என்பதெல்லாம் அந்தக் குடும்பம் அறியப்பட்ட குடும்பம் என்பதால் நமக்குக் கிடைத்தவை. பணிப்பெண்ணின் பெயரை யாரும் எழுதி வைக்கவில்லை. ஓவியர் அவரை விடவில்லை, பிந்தியவர்கள்தான் விட்டார்கள். இதை அந்தப் பிள்ளையிடம் கட்டாயம் சொல்லுங்கள். ஓவியர்களின் வாழ்க்கை வரலாறுகளை எழுதிய வசாரியும், 1566இல் கிரெமோனாவுக்குப் போனபோது அந்த வீட்டில் இந்தப் படத்தைப் பார்த்துவிட்டு, பேச்சு மட்டும்தான் குறை என்று எழுதியபோது கிழவியைச் சேர்த்தே எழுதினார்.

உங்கள் இரண்டாவது கேள்விக்கு: இரண்டும்தான். முகங்கள் உண்மையான ஆட்களின் முகங்கள். ஆனால் யாரும் படத்துக்காக அமர்ந்திருக்கவில்லை, ஓர் ஆட்டம் நடந்துகொண்டிருக்கிறது. பெண்களுக்கு அன்று உடற்கூறு வரைந்து பழக வழியில்லை, தேவாலயங்களின் பெரிய வேலைகளும் எட்டாதவை. வீட்டில் இருந்தவர்களை வரைந்தார். அதனால்தான் இப்படியொரு காட்சி அவ்வளவு முன்பே பிறந்தது. மூலப்படம் இப்போது போலந்தின் போஸ்னான் தேசிய அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

ஹட்டன் சதுரங்கப் பயிற்றுநர்:
கைகளைக் காட்டுங்கள் டீச்சர். லூசியா ஆட்டத்தை முடித்துவிட்ட நிம்மதியில் நம்மைப் பார்க்கிறாள். எதிரே மினெர்வா வாய் திறந்து வலக்கையைத் தூக்குகிறாள். நடுவில் சின்னவள் அக்காவின் தவிப்பைப் பார்த்துச் சிரிக்கிறாள். என் பிள்ளைகள் ஆடும்போது தினமும் பார்க்கிற முகம் அது! முன்பு ராணிக்காய் மூலைவாட்டில் ஒரு கட்டம்தான் நகரும். 15ஆம் நூற்றாண்டின் இறுதியில்தான் பலகை முழுவதும் பாயும் பலம் அதற்கு வந்தது. இந்தப் பெண்கள் ஆடுவது அந்தப் புதிய ஆட்டத்தை.

பண்டாரவளையிலிருந்து ஒருவர்:
என் அம்மா பன்னிரண்டு வயதில் கொழும்புக்கு வீட்டு வேலைக்குப் போனவர். அந்த வீட்டு ஆல்பத்தில் அம்மாவின் முழங்கை மட்டும் ஒரு படத்தில் இருக்கிறது, குழந்தையைப் பிடித்தபடி. ஆகவே ஒன்று கேட்டுக்கொள்கிறேன், அந்த எசமானிகள் நல்லவர்கள் என்று பிள்ளைக்குச் சொல்லிவிடாதீர்கள். அது நமக்குத் தெரியாது. கிழவி ஓரத்தில்தான் இருக்கிறார், ஆட்டத்தில் அவருக்கு இடமில்லை. ஆனால் அந்தச் சுருக்கங்களைப் பாருங்கள். தங்கைகளின் பொன்சரிகைக்குக் கொடுத்த அதே பொறுமையை அந்த நெற்றிக்கும் ஓவியர் கொடுத்திருக்கிறார். எனக்கு அது போதும்.

தலவாக்கலை சித்திர ஆசிரியை:
எல்லோருக்கும் மிகவும் நன்றி. இன்று விளிம்பு வரியைத் தமிழில் பலகையில் எழுதினேன், முந்தின வாரம் அவசரப்பட்டதற்கு அந்தப் பிள்ளையிடம் மன்னிப்பும் கேட்டேன். ‘நேரில் பார்த்து’ என்ற சொல்லை அவள் கொப்பியில் இரண்டு முறை எழுதிக்கொண்டாள். லயத்து இஸ்தோப்பில் தம்பிமார் கேரம் ஆடுவதையும் பக்கத்தில் அம்மாயி நிற்பதையும் வரையத் தொடங்கியிருக்கிறாள். பலகை, கைகள், கம்பியில் காயும் படங்கு எல்லாம் வந்துவிட்டன. அம்மாயி பங்களாவிலிருந்து திரும்புவதற்குள் இருட்டிவிடுகிறதாம். ஞாயிற்றுக்கிழமைக்காக முகம் இருக்க வேண்டிய இடத்தை வெள்ளையாக விட்டிருக்கிறாள்.