ஸ்பிளைனுக்குத் தமிழ்ச் சொல்: திங்களுக்குள் வேண்டும்

ஐடிஐ ஆசிரியர், ஸ்ரீபெரும்புதூர்:

அனைவருக்கும் வணக்கம். மோட்டார் மெக்கானிக் மாணவர்களுக்குச் செய்முறைக் கையேடு எழுதுகிறேன். பயிற்சி வண்டி, பக்கத்து ஓரகடத்தில் தயாரான டஸ்டர் கார். நான்கு சக்கரத்துக்கும் விசை போகும் மேனுவல் வகை. கியர்பாக்ஸை இறக்கி, கிளட்ச் தட்டை மாற்றி, மறுபடி ஏற்ற வேண்டும். சாதாரண முன்சக்கர வண்டியைவிட வேலை அதிகம். பின்சக்கரத்துக்குப் போகும் நீளத் தண்டையும் கழற்றியாக வேண்டும். கழற்றுமுன் இரு பக்கமும் கோடு போட்டு வைக்காவிட்டால் மாட்டும்போது இடம் மாறி அதிரும்.

'அகற்றலும் மீள்நிறுவலும்' என்ற தலைப்பை 'இறக்குவதும் ஏற்றுவதும்' ஆக்கிவிட்டேன். பட்டறைப் பேச்சு அதுதான். சிக்கல் ஸ்பிளைனில். கியர்பாக்ஸ் உள்ளீட்டுத் தண்டின் மேல் நீளவாக்கில் ஓடும் மேடுபள்ளங்கள்; கிளட்ச் தட்டின் நடுத்துளையிலும் அதே வரிசை. இரண்டும் பொருந்தினால்தான் கியர்பெட்டி உள்ளே போகும். திங்களன்று அச்சகத்துக்குக் கொடுக்க வேண்டும்.

தமிழாசிரியர், தஞ்சாவூர்:

'காடி' இருக்கிறதே ஐயா. பலகையில் தச்சர் வெட்டும் பள்ளம். கூடவே ஒன்று: 'தண்டு' வேண்டாம், 'அச்சு' என்றே எழுதுங்கள். 'பீலிபெய் சாகாடும் அச்சிறும்', மயிலிறகு ஏற்றிய வண்டியும் அச்சு முறியும் என்பது குறள் 475. புறநானூறு 102இல் உப்பு வணிகர் வண்டியின் அடியில் 'சேம அச்சு' கட்டிப் போகிறார்கள். மாற்று உறுப்பு எடுத்துச் செல்லும் வழக்கம் நமக்கு அவ்வளவு பழையது! இப்படி ஒரு சொல் கையில் இருக்க, ஏன் விட வேண்டும்?

பொறியாளர், கோவை:

ஐயா, அச்சு பாரம் தாங்கும். தண்டு சுழற்சியைக் கடத்தும். மாட்டுவண்டியில் சக்கரம் சுழல, அச்சு நிற்கிறது. இங்கே சுழல்வதே தண்டுதான். 2010இல் அண்ணா பல்கலைக்கழகம் இயந்திரவியலைத் தமிழ் வழியில் தொடங்கிய பிறகும் இந்த இரண்டைக் குழப்பினால் மாணவர்தான் தடுமாறுவார்.

'காடி'யும் எனக்கு ஒப்பில்லை. கந்தகக் காடி என்று அமிலத்தைச் சொல்கிறோம். முதல் படியில் அந்த அமிலம் உள்ள பாட்டரி, பத்தாம் படியில் காடி என்றால் பையன் எதை நினைப்பான்? 'வரிப்பல்' என் பரிந்துரை.

மெக்கானிக், டொரோண்டோ:

வரிப்பல் என்றால் எங்கட பெடியள் கியர்ப் பல்லைத்தான் நினைப்பார்கள். கியர்ப் பல் ஒன்றோடொன்று உருளும். இது நீளவாக்கில் வழுக்கும். பனிக்காக இங்கே நாலு சில்லும் (சக்கரமும்) இழுக்கிற சுபாரு கார் நிறைய வரும், அதனால் அனுபவத்தில் சொல்கிறேன். பெட்டி உள்ளே போகாவிட்டால் தண்டைக் கொஞ்சம் திருப்பிப் பார்க்க வேணும். போல்ட்டை முறுக்கி இழுத்தால் தட்டு நசுங்கும். பெட்டியின் பாரத்தை அந்தத் தண்டில் தொங்க விடவும் கூடாது. மல்லாந்து படுத்துக்கொண்டு பெட்டியைத் தாங்குகிறவனுக்கு உடனே விளங்குகிற சொல் 'ஸ்பிளைன்'. அதையே விடுங்கோ, அண்ணை.

தமிழாசிரியர், தஞ்சாவூர்:

அப்படியானால் 'சால்'. ஏர் போன தடம் உழவுச்சால். நீளவாக்கில், இணையாக, மேடும் பள்ளமுமாக. 'சால்தண்டு' என்று சொல்லிப் பாருங்கள், படமே தெரிகிறது. தண்ணீர்ச் சால், அதே குறளில் வரும் 'சால மிகுத்து' எல்லாம் வேறு வேறு சொற்கள். அவற்றின் வேரைத் தனி மடலில் விரிவாக எழுதுகிறேன்.

ஐடிஐ ஆசிரியர், ஸ்ரீபெரும்புதூர்:

நேற்று வகுப்பில் மூன்றையும் கரும்பலகையில் எழுதிக் காட்டினேன். 'சால்' கிராமத்துப் பிள்ளைகள் நால்வருக்குப் புரிந்தது. மற்றவர்கள் அண்டா என்றார்கள். 'காடி'யைத் தச்சர் வீட்டுப் பையன் ஒருவன் எழுந்து விளக்கினான், எல்லோரும் பிடித்துக்கொண்டார்கள். சரி, முதல் இடத்தில் 'ஸ்பிளைன் எனும் தண்டுக்காடி', பிறகு 'காடி' மட்டும். 'தண்டு' அப்படியே. டொரோண்டோ அண்ணன் சொன்ன மூன்று எச்சரிக்கைகளையும் கட்டம் கட்டிச் சேர்த்துவிட்டேன்.

பொறியாளர், கோவை:

கையேட்டுக்கு ஏற்கிறேன். பாடநூலுக்கு ஏற்கவில்லை. அங்கே வேதியியலும் இதே மாணவர்தான் படிக்கிறார். வரிப்பல்லுக்குப் பதில் 'வரிப்பள்ளம்' பொருந்துமா என்று யோசிக்கிறேன், டொரோண்டோ நண்பர் பார்த்துச் சொல்லட்டும்.