விஷி வெந்நீரும் நம்ம ஆயி மண்டபமும்

என் பெரியப்பா பிரெஞ்சுப் படையில் இருந்து ஓய்வு பெற்றவர். புதுச்சேரியில் எங்கள் தெருவில் ‘சொல்தா வீடு’ (சிப்பாய் வீடு) என்று கேட்டால்தான் வழி சொல்வார்கள். சில வருடங்களுக்கு முன் அவருடைய மூட்டு வலிக்கு பிரான்சில் உள்ள டாக்டர் அந்நாட்டு விஷி என்ற ஊரின் வெந்நீர் ஊற்றுச் சிகிச்சையை எழுதிக் கொடுத்தார். பிரான்சில் இதற்கு 18 நாள் கணக்கு. செலவில் பெரும்பங்கை அரசுக் காப்பீடே ஏற்கும். துணைக்கு நான் போனேன்.

காலையில் முழங்காலுக்குச் சூடான சேற்றைப் பற்றுப் போடுவார்கள். அப்புறம் ஊற்றுக் கூடம். ஷொமெல் என்ற ஊற்று 43 டிகிரிச் சூட்டில் வருகிறது. கிளாசை மூக்கருகே கொண்டுபோனதும் லேசாக முட்டை வாடை. வாயில் வைத்தால் சமையல் சோடா கரைத்த தண்ணீர்தான். “சூடு ஆறறதுக்குள்ள குடிச்சிடணும்மா, ஆறினா தொண்டையில இறங்காது” என்று பெரியப்பா கண்ணை மூடிக்கொண்டு மிளகு ரசம் போல உறிஞ்சினார்.

ரோமானியர் காலத்திலேயே குளிக்க வந்த ஊர் அது. 1676இல் கடிதங்களால் புகழ்பெற்ற பிரெஞ்சு எழுத்தாளர் மதாம் தெ செவிஞே வாத வலியோடு வந்து, இந்த ஊர்த் தண்ணீரைக் குடித்த பாட்டை மகளுக்குக் கடிதம் கடிதமாக எழுதியிருக்கிறார். ஆனால் ஊரைத் தூக்கி நிறுத்தியது பிரெஞ்சுப் பேரரசர் மூன்றாம் நெப்போலியன். 1861இல் சிகிச்சைக்கு வந்தவர் பூங்காக்களையும் மாளிகைகளையும் கட்டவைத்தார். அடுத்த வருடமே ரயில் வந்தது.

நெப்போலியன் பெயரைக் கேட்டதும் எனக்கு மனசு புதுச்சேரி பாரதி பூங்காவுக்குப் போய்விட்டது. முத்திரையர்பாளையத்திலிருந்து நம் ஊருக்குக் குடிதண்ணீர் வந்ததும், அதன் நினைவாக அந்தப் பூங்காவில் ஆயி மண்டபம் எழும்பியதும் அதே அரசர் காலத்தில்தானே!

ஆற்றங்கரைப் பூங்காவில் பக்கத்தில் உட்கார்ந்திருந்த பாட்டியம்மாவுக்குப் பெரியப்பா பிரெஞ்சில் ஆயி கதையைச் சொன்னார். கிருஷ்ணதேவராயர் கோயில் என்று நினைத்து ஒரு வீட்டைக் கும்பிட்டது, தாசியின் வீடு என்று தெரிந்ததும் இடிக்கச் சொன்னது, ஆயி என்ற அந்தத் தாசி தானே வீட்டை இடித்து அந்த இடத்தில் ஊருக்குக் குளம் வெட்டியது, எல்லாம். எனக்குச் சின்ன வயதில் சொன்ன அதே நிதானம்.

“இந்தப் பூங்காவுக்கு நெப்போலியன் பெயர். உங்கள் மண்டபத்துக்கும் அவர் பெயர்தானா?” என்று கேட்டார் அந்த அம்மா.

“இல்லை, ஆயி பெயர்” என்றார் பெரியப்பா.

அந்த அம்மா கைப்பையைத் திறந்து, எட்டு மூலை வைத்த வெள்ளை விஷி மிட்டாயை எங்கள் இருவர் கையிலும் வைத்துவிட்டு, “ஆயி, ஆயி” என்று இரண்டு முறை சொல்லிப் பார்த்துக்கொண்டார்.